மூன்று விரல்

பத்தாவது குச்சி உள்ளே போவேனா என்றது. பின்கட்டுச் சுவரில் தொங்கிய கண்ணாடியின் முன்னால் நின்று, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே ஒன்பது ஐஸ் குச்சிகளை அடுக்கி வைத்துக்கொண்டு, பத்தாவதை அவற்றின் நடுவில் சொருகப் பார்த்துக்கொண்டிருந்தார் கஜபதி. காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டு சுளீரென்று பிடித்தது. கண்ணில் நீர் கட்டியது. இவ்வளவு பாடுபட்டும் கடைவாயில் எச்சில் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்த நாளிலிருந்து அவர் வாய் சித்திரை மாதத்து வரப்பு மாதிரி காய்ந்துதான் கிடக்கிறது. பக்கத்தில் மகள் தாட்சாயிணி அலாரம் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நொடி எண்ணினாள்.

"ஒம்போது போதும் நைனா. வாரத்துக்கு ஒண்ணு ஏத்துனா போதும்னு ஆஸ்பத்திரில அந்தம்மா சொல்லிச்சி இல்ல?"

வாயில் குச்சிகளோடு எப்படிப் பதில் சொல்வது? அவர் கையைத் தூக்கி மூன்று விரலை விரித்துக் காட்டினார். அவளுடைய நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. அவள் கடிகாரத்தைப் பார்த்தபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நசரத்பேட்டையில் ரைஸ் மில் மேஸ்திரி கஜபதி என்றால் தெரியாதவர்கள் கிடையாது. மில்லின் சத்தத்தை மீறி அவர் போடுகிற அதட்டல் பெங்களூர் ரோட்டில் போகும் லாரிக்காரனைத் திரும்பிப் பார்க்க வைக்கும். முப்பது வருஷம் வெற்றிலையும் பாக்கும் புகையிலையுமாக இடது கன்னத்தில் ஓர் உருண்டை அடங்கியே இருந்தது. தூங்கும்போதும் அதைத் துப்பியதில்லை. அந்த இடத்தில் புண் வந்தபோது சுண்ணாம்பு சுட்டுவிட்டது என்றார். புண் ஆறாமல் நான்கு மாதம் போன பிறகு பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். போன ஆடியில் கன்னத்தின் உட்பக்கத்தை வெட்டி எடுத்து, கழுத்திலும் கீறி, தொடையிலிருந்து தோலை எடுத்து உள்ளே ஒட்டித் தைத்தார்கள். அப்புறம் ஆறு வாரம் கரண்ட் என்று எல்லாரும் சொல்கிற கதிர்வீச்சு வைத்தார்கள். ஐப்பசியில் வீட்டுக்கு வந்தவருக்கு வாய் சுண்டுவிரல் அகலத்துக்குத்தான் திறந்தது. நாலு ஊர் கேட்க அதட்டிய மனிதர் சோற்றைக் கரைத்துக் குடிக்க ஆரம்பித்தார்.

அந்த நோயின் பேரை வீட்டில் யாரும் சொல்வதில்லை. ஊருக்குச் சொல்ல ஒரு கதையை அவர் மனைவி தாயம்மாள் தயார் செய்து வைத்திருந்தாள். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போன இடத்தில் நரம்பு இழுத்துக்கொண்டது என்ற கதை. அதற்காக அவளைக் குற்றம் சொல்லிவிட முடியாது. மேலத்தெருவில் முத்தம்மாள் மகளுக்கு நிச்சயம் வரை வந்த சம்பந்தம், தாய்க்கு மார்பில் கட்டி என்று தெரிந்ததும் ஒரே நாளில் போய்விட்டது. அது ரத்தத்தில் ஓடுமாம், பெண் எடுத்த வீட்டுக்கும் ஒட்டிக்கொள்ளுமாம். தழும்பை மறைக்கத் திருப்பதிக்கு வேண்டுதல் என்று சொல்லித் தாடி விட்டுப் பார்த்தார் கஜபதி. வலது பக்கம் காடாக வளர்ந்தது. கரண்ட் வைத்த இடது பக்கம் ஒரு முடிகூட முளைக்கவில்லை. பாதி முகத்துக்கு மட்டும் வேண்டிக்கொண்டவன் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான் என்று அவரே சிரித்துவிட்டு மழித்துக்கொண்டார். அதற்கப்புறம் கழுத்தில் துண்டு வந்தது. வெயிலோ மழையோ அது இறங்குவதில்லை.

இந்தச் சமயத்தில்தான் வெள்ளானூர் எத்திராஜ் தன் மகன் கோதண்டத்துக்குப் பெண் கேட்டு வந்தார். அப்பனும் பிள்ளையும் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்கள். நான்கு வருஷத்துக்கு முன்னால் திருமழிசையில் ஒரு கல்யாணப் பந்தலில் எத்திராஜும் கஜபதியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பெட்டியிலிருந்து வெற்றிலை போட்டவர்கள். பந்தலே திரும்பிப் பார்க்கும்படி வாயை அகலத் திறந்து சிரிக்கிற மனிதர் அந்த எத்திராஜ். சம்பந்தம் பேச வந்தபோதும் அந்த வெற்றிலையைத்தான் நினைவு வைத்திருந்தார்.

"உங்க கையால மடிச்ச மாதிரி அப்பால ஒருத்தனும் மடிக்கல சம்பந்தி. நிச்சயத்துல நீங்க எனக்கு ஊட்டணும், நான் உங்களுக்கு ஊட்டணும். பாத்துக்கங்க."

அது அவர்கள் பக்கத்து வழக்கம். தாம்பூலத் தட்டு மாற்றியதும் இரண்டு தகப்பன்களும் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு வெற்றிலை மடித்து, சபைக்கு நடுவில் ஒருத்தர் வாயில் ஒருத்தர் வைப்பார்கள். வாங்கிக்கொள்ளாவிட்டால் சம்பந்தத்தில் மனசில்லை என்று அர்த்தம்.

அந்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது வாய்ப்பயிற்சி கொடுக்கிற கஸ்தூரியிடம் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார்.

"ஏம்மா, ஒரு வெத்தல மடிச்சி வாயில வைக்கணும்னா எத்தினி குச்சி போவணும்?"

கஸ்தூரிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். துணியை வெந்நீரில் நனைத்து அவர் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தவள் கையை எடுத்துவிட்டாள்.

"வெத்தலையா? சார், விளையாடுறீங்களா?"

"மெல்ல மாட்டேம்மா. சும்மா வாங்கிகினு அந்தாண்ட போயி துப்பிடுவேன். பொண்ணு காரியம்."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தார். அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"தெச்ச இடம் உள்ளுக்குள்ள இறுகிக்கிட்டே வரும் சார். கரண்ட் வச்ச இடம் அதைவிட மோசம். தினம் அஞ்சு வேளை கொஞ்சம் கொஞ்சமா இளக்கணும். அவசரப்பட்டா கிழியும். கிழிஞ்சு ஆறினா முன்னைவிட கெட்டியாயிடும். நீங்க சாப்பிடணும், பல்லு தேய்க்கணும், உள்ள மறுபடி ஏதாவது வந்தா டாக்டர் பாக்கணும். அதுக்குத்தான் இந்தக் குச்சி."

பிறகு தன் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித் தன் வாய்க்குள் நிறுத்திக் காட்டினாள். மூன்றும் தாராளமாகப் போயின.

"நல்ல வாய்க்கு இதுதான் அளவு. உங்களுக்கு இது ரொம்ப நாள் முன்னாடியே குறைஞ்சிருக்கும். காரம் பட்டா எரிஞ்சிருக்கும். கொட்டாவி விட்டா இழுத்துப் பிடிச்சிருக்கும். கன்னத்து உள்பக்கம் வெளுத்திருக்கும். அப்பவே யாராவது ஒருத்தர், மூணு விரலை வச்சுப் பாருங்கன்னு சொல்லியிருந்தா போதும், வெட்டாமலேகூடத் தப்பிச்சிருக்கலாம்."

கஜபதி எண்ணிப் பார்த்தார். வாய் எரிகிறதென்று மிளகாய்த்தூளைக் குறைக்கச் சொல்லித் தாயம்மாளிடம் சண்டை போட்ட வருஷம் ஞாபகம் வந்தது. அவள் காரத்தைக் குறைத்தாள், இவர் வெற்றிலையைக் கூட்டினார். இரண்டு பேருக்கும் அதற்குமேல் தெரியாது.

ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் வினை வந்தது. எதிர்ச்சாரியில் எத்திராஜின் தம்பி குணசேகரன் ஸ்கூட்டரை நிறுத்திக் கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தான். கஜபதி சட்டென்று ஒரு போஸ்டர் ஒட்டிய தூணுக்குப் பின்னால் ஒதுங்கி, துண்டை எடுத்துத் தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டார். ஐம்பத்துமூன்று வயதில், திருடிய கோழியை வேட்டிக்குள் வைத்திருப்பவன் மாதிரி பத்து நிமிஷம் நின்றார். அவன் பார்த்தானா இல்லையா என்று தெரியவில்லை. இனிமேல் நிச்சயம் முடிகிற வரைக்கும் இந்தப் பக்கம் வருவதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டார். தாயம்மாளும் அதுதான் சரி என்றாள். ஆஸ்பத்திரியில் வைத்திருந்த குச்சிகளும் தெருவில் விற்கிற ஐஸ் குச்சிகளும் ஒன்றுதானே, எண்ணத் தெரிந்தால் போதாதா என்று அவருக்கும் தோன்றியது.

வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கு மூன்று நாளுக்கு ஒன்று ஆயிற்று. வெந்நீர்த் துணி வைக்கப் பொறுமையில்லை. பத்துப் போனது. பதினொன்று போனது. அன்றைக்கு அந்தச் சந்தோஷத்தில் மில்லுக்குக்கூடப் போகவில்லை. நிச்சயத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஒரு காலையில் ஒன்றுக்கு இரண்டாகச் சேர்த்துச் சொருகினார். உள்ளே பழந்துணி கிழிகிற மாதிரி ஏதோ விட்டுக்கொடுத்தது. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. கண்ணாடியில் பார்த்தபோது குச்சிகளெல்லாம் சிவப்பாக இருந்தன.

மறுநாள் கன்னம் வீங்கியது. நான்காம் நாள் வீக்கம் வடிந்த பிறகு எண்ணிப் பார்த்தால் ஏழு குச்சிதான் போயிற்று. தாட்சாயிணி குச்சிகளைப் பிடுங்கி டம்ளரில் போட்டாள். அவள் அழுததை அவர் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

"எனக்கு கல்யாணம் ஆவணும்னு நீ வாய கிழிச்சிகினியா நைனா? உள்ளத உள்ளபடி சொல்லிட்டா இன்னா? வேணாம்னா போவட்டும்."

"போவட்டுமா?" என்று அடுப்படியிலிருந்து தாயம்மாள் வந்தாள். "இருவத்தஞ்சி முடியப் போவுது உனுக்கு. இது போனா அடுத்து வர்றவன் இன்னான்னு கேப்பான். அவனாண்ட இன்னா சொல்றது? ஒரு நாளு. ஒரே ஒரு நாளு உங்கப்பன் சமாளிச்சா போதும்."

இரண்டு பேர் சொன்னதும் கஜபதிக்கு நியாயமாகவே பட்டது, அதுதான் கஷ்டம். ஏழு குச்சியில் மடித்த வெற்றிலை போகாது. தளிராக ஒரே இலையை எடுத்து நாலாக மடித்து, பாக்கு வைக்காமல் பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவில் செருகிக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னாள் தாயம்மாள். தெருமுனைக் கடையில் பார்த்துப் பார்த்து அந்த இலையை வாங்கி வந்ததும் அவள்தான்.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வாசலில் பந்தல் போட்டு நிச்சயம் நடந்தது. ரோட்டில் லாரி போகும்போதெல்லாம் பந்தல் கால் அதிர்ந்தது. வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக் கல்கண்டு எடுத்துக்கொள்ளச் சொல்லி உபசரித்தார்கள். முதல் பந்தியில் கஜபதியைச் சம்பந்திக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். விரதம் என்று சொல்லி அவர் பால் டம்ளரை மட்டும் வைத்துக்கொண்டார். தான் சாப்பிடாததை யாராவது கவனிக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, பக்கத்து இலையைப் பார்த்தார்.

எத்திராஜ் கார சட்னியை இலையின் ஓரத்துக்குத் தள்ளியிருந்தார். இட்லிக்குச் சர்க்கரை கேட்டார்.

"காரமே ஒத்துக்கறதில்ல சம்பந்தி. நாக்குல பட்டா நெருப்பு வச்சாப்ல கீது. அல்சர்னு சொல்லி டாக்டரு மாத்திர குடுத்துகீறான்."

வடையை நான்காகப் பிட்டு, ஒவ்வொரு துண்டையும் பக்கவாட்டில் நுழைத்துக்கொண்டார். காபியை ஆற்றி ஆற்றி, கடைசியில் பச்சைத் தண்ணீர் மாதிரி ஆன பிறகுதான் குடித்தார். குணசேகரன் ஏதோ கிண்டல் சொன்னதற்குச் சிரித்தபோது, அந்தப் பழைய சிரிப்புக்குக் கஜபதி காத்திருந்தார். அது வரவில்லை. உதடு சிரித்தது, பல்வரிசை இரண்டும் பாதிக்கு மேல் விலகவில்லை. அந்தச் சின்ன இடைவெளியில் கன்னத்தின் உட்பக்கம் கஜபதிக்குத் தெரிந்தது. வெற்றிலைச் சிவப்புக்குள்ளே சோற்றுக் கஞ்சி ஆடை படிந்த மாதிரி ஒரு வெளுப்பு இருந்தது.

கஜபதிக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அதை மறைத்துப் பயனில்லை. இவருக்கும் வாய் முழுசாகத் திறக்காது, வெற்றிலையைச் சின்னதாக மடித்தால் இவரும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார், இரண்டு பேரும் ஒப்புக்கு வைத்துக்கொண்டு எழுந்துவிடலாம், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. தாயம்மாள் கும்பிட்ட அத்தனை சாமியும் சேர்ந்து கொடுத்த வழி போல இருந்தது. அப்புறம்தான், நான்கு வருஷத்துக்கு முன்னால் திருமழிசைப் பந்தலில் இந்த மனிதருக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தது தன் கைதானே என்ற நினைப்பு வந்தது. அன்றைக்குத் தனக்கே கன்னம் எரிந்துகொண்டிருந்தது. எரிகிறது என்று சொல்லக்கூடத் தெரியாமல் இன்னும் ஒன்று போடுங்கள் என்று நீட்டியிருக்கிறார்.

பந்தி முடிந்து ஜமக்காளம் விரித்து, மறுபடியும் சந்தனம் நீட்டினார்கள். தட்டில் தேங்காய், பழம், மஞ்சள், பூ, புடவை எல்லாம் வைத்தாயிற்று. தாட்சாயிணியைப் பச்சைப் பட்டில் உட்கார வைத்திருந்தார்கள். தாயம்மாள் வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மேலாக இருந்த தளிர் இலையைக் கண்ணால் காட்டினாள். எத்திராஜ் வேட்டியை ஒதுக்கி எதிரே உட்காரப் போனார். ஐயர் லக்னப் பத்திரிகை வாசிக்கக் கண்ணாடியைத் துடைத்தார்.

இன்றைக்கு இருக்கட்டும், தட்டு மாற்றிய பிறகு நாளைக்குச் சொல்லலாம், கல்யாணம் முடிந்த பிறகு சொல்லலாம். மனசு ஒவ்வொன்றாகத் தள்ளிப்போட்டுப் பார்த்தது. தன் புண் நான்கு மாதம் தள்ளிப்போனதும் இப்படித்தான். தட்டு மாறிய பிறகு சொன்னால், தெரிந்தே ஏமாற்றினான் என்பார்கள், பெண் அந்த வீட்டில் அந்தச் சொல்லோடு வாழ வேண்டும். சொல்லாமலே இருந்தால் அவள் அந்த வீட்டில் மாமனாருக்குக் கஞ்சி கரைத்துக் கொடுப்பாள். ஐஸ் குச்சி எண்ணுவாள். அதற்கு அவளுக்குப் பழக்கம் இருக்கிறது.

கஜபதி எழுந்தார்.

"சம்பந்தி, ஒரு நிமிசம் பின்னால வாங்க."

"ராகு காலம் வந்துடப் போவுது, இன்னாத்துக்கு இப்ப?" என்றார் எத்திராஜ். ஆனால் வந்தார். தாயம்மாளின் முகத்தைப் பார்க்கக் கஜபதிக்குத் தைரியம் இல்லை.

பின்கட்டில் யாருமில்லை. கண்ணாடி தொங்கியது. அதன்கீழ் மாடத்தில் குச்சிகள் நிற்கிற டம்ளர் இருந்தது. கஜபதி கழுத்துத் துண்டை எடுத்துக் கொடியில் போட்டார். காதுமடலின் கீழிருந்து குரல்வளை வரைக்கும் ஓடிய தழும்பும், அதைச் சுற்றிக் கரிந்து கறுத்த தோலும் வெளிச்சத்துக்கு வந்தன.

"இது பல்லு ஆபரேசன் இல்ல சம்பந்தி. வாயில கேன்சர் வந்துச்சி. வெட்டி எடுத்து கரண்ட் வச்சாங்க. மறச்சிட்டோம். தப்புதான்."

எத்திராஜ் ஓர் அடி பின்னால் போனார். முகம் ரத்தம் ஏறிச் சிவந்தது.

"தட்டு மாத்தப் போற நேரத்துல சொல்றியேய்யா. இத்தினி பேர இட்டாந்து கீறேன். நான் இன்னா பண்றது இப்ப?"

"பொண்ணு எடுக்கறதும் எடுக்காததும் உங்க இஷ்டம். ஒண்ணியும் கேக்க மாட்டேன். அதுக்கு கூப்டல." அவருடைய மூன்று விரல்களும் தாமாகவே ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிக்கொண்டன. "இப்டி வச்சி, வாயில நிறுத்திப் பாருங்க. ஒரே ஒரு தபா."

"எனுக்கு இன்னாத்துக்கு?"

"காரம் எரியுதுன்னீங்களே. எனுக்கும் அப்டித்தான் ஆரம்பிச்சிது. எனுக்கு யாரும் சொல்லல."

எத்திராஜ் அவரை வெறித்துப் பார்த்தார். கோபம் முகத்திலேயே இருந்தது, ஆனால் கால் நகரவில்லை. பின்வாசலில் வளையல் சத்தம் கேட்டது. கூப்பிட வந்த தாட்சாயிணி, கொடியில் கிடந்த துண்டைப் பார்த்தாள். அப்பாவின் கழுத்தைப் பார்த்தாள். அவள் எதுவும் பேசாமல் கதவைச் சாத்தி, பட்டுப்புடவை கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். உள்ளே யாரோ ஐயருக்கு மோர் கேட்டார்கள்.

எத்திராஜ் கண்ணாடியின் பக்கம் திரும்பினார். சந்தனம் தொட்டு ஈரம் காயாத விரல்களை அடுக்கி வாய்க்குக் கொண்டுபோனார். ஒன்று போயிற்று. இரண்டாவது இடித்துக்கொண்டு போயிற்று. விரலை வெளியே எடுத்து, கஜபதியின் கையைப் பார்த்து, அடுக்கியது சரிதானா என்று சரிபார்த்துவிட்டு மறுபடியும் வைத்தார். மூன்றாவது விரல் பல்லில் தட்டி வெளியே நின்றது. அவர் அதை உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தார். மேலுதட்டிலும் மீசையிலும் சந்தனம் அப்பிக்கொண்டிருந்தது.